நூற்று நாற்பத்து மூன்று பேர்

ஹலோ... ஹலோ! ஈப்போ ரேடியோ கடைங்களா? அர்ச்சுனன் அண்ணே இருக்காரா?... ஓ, நீங்கதானா. அண்ணே, நான் நவமணி பேசுறேன். சுங்கை சிப்புட், லின்டேல் தோட்டம்... ஆமா, ஆமா, ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி நவமணிதான்.

அண்ணே, கம்ப்யூட்டர் போயிருச்சு... இல்ல, கரண்டு இருக்கு. உள்ள காத்தாடி சுத்துது. சத்தம் கேக்குது... திரையிலதான் கோளாறு. தமிழ் எழுத்தெல்லாம் பிஞ்சு பிஞ்சு, கொம்பு ஒரு பக்கம், சுழி ஒரு பக்கம்னு சிதறிக் கெடக்கு. அப்புறம் அப்படியே நின்னுருச்சு. எதை அமுக்கினாலும் அசைய மாட்டேங்குது.

... காலையில நல்லாத்தான் ஓடுச்சு. வெயில் ஏற ஏறத்தான்... மூணு தடவ அணைச்சுப் போட்டேன். இப்ப அஞ்சு நிமிஷம்கூட தாங்கல.

... நாளைக்கா? நாளைக்கு வந்து என்னண்ணே செய்ய. நாளைக்குக் காலையில லோரி வருது. மேச, நாக்காலி, பீரோ, கம்ப்யூட்டரு, எல்லாத்தையும் ஹெட் ஆபீஸுக்கு ஏத்துறாங்க... ஆமா, ஆபீஸ மூடுறாங்க. சாவி குடுக்கிற வரைக்கும் நான் ஒருத்திதான்.

... அந்தப் பட்டியலுக்குத்தாண்ணே. பொதகாட்டுப் பட்டியல், தோட்டத்துல செத்துப் பொதச்சவங்க பேரு... உங்ககிட்ட சொல்லலியா? தோட்டத்த வித்தாச்சு. வீடு கட்டப் போறாங்களாம். திங்கக்கெழம பொதகாட்டத் தள்ளுறதுக்கு டிராக்டர் வருது. அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கெழம ஒரு நாளு குடுத்திருக்காங்க. சொந்தக்காரங்க வந்து அவங்கவங்க ஆளோட எலும்பத் தோண்டி எடுத்துக்கிட்டுப் போகணும்... ஒரே நாளுதான். நானும் கேட்டுப் பாத்துட்டேன். ஆகாதுன்னுட்டாங்க.

யாரு எந்த வரிசையில கெடக்குறாங்க, எந்த வருஷம், எல்லாம் இந்த மிஷின்லதான் இருக்கு. பழைய புஸ்தகம் கரையான் அரிச்சது. எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி நாந்தான் இதுல அடிச்சேன். அந்தப் புஸ்தகத்தையும் போன வாரம் எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

... டிஸ்கெட்ல இருக்குண்ணே. ஆனா இன்னொரு மிஷின்ல போட்டா தமிழ் வராதுன்னு நீங்கதான சொன்னீங்க? அந்தப் படம் வரைற கார்டு இருந்தாத்தான் எழுத்து வரும்னு... அதான். அதான் சொல்றேன். அஞ்சு மணிக்கு டிரைவர் பத்துமலை வேன் எடுத்துக்கிட்டு டவுனுக்குப் போறாரு. ஒரு பிரதி குடுத்துட்டா போதும், போட்டோஸ்டாட் எடுத்து கோயில்ல, பஸ் ஸ்டாண்டுல, பாசார்ல எல்லாம் ஒட்டிருவாரு. இப்ப மணி ரெண்டேகால் ஆச்சு.

... உங்க மோட்டார் சைக்கிள் பட்டறையிலயா? ஐயோ... பஸ்ஸுலயா, வேணாம்ணே. ஜங்ஷன்ல எறங்கி நடந்து வரணும். நீங்க வந்து சேர அஞ்சு தாண்டிரும்.

... நானா? நானே தொறக்கவா?... பயமெல்லாம் இல்ல... சரி, பயம்தான். சொல்லுங்க. நீங்க சொல்லச் சொல்லச் செய்யிறேன்.

அணைச்சிட்டேன்... சுவிட்சு மட்டும் பத்தாதா? சரி, வயர சொவத்துலேர்ந்தே புடுங்கிட்டேன். திரையோட வயரையும் புடுங்கிட்டேன்... இல்ல, அந்தத் திரைப் பொட்டியத் தொடவே மாட்டேன். அதுக்குள்ள கரண்டு தேங்கி நிக்கும்னு அன்னைக்கே சொன்னீங்க. அடிப்பொட்டிய மட்டும்... ஆமா.

பின்பக்கம் அஞ்சு திருகாணி. இருங்க, போன மேச மேல வைக்கிறேன். வச்சிடாதீங்க!

... ஹலோ? இருக்கீங்களா? கழட்டிட்டேன். மூடிய முன்னால இழுத்தாச்சு. ச்சீ, பல்லி முட்ட! ரெண்டு... ஒட்டடையும் தூசியும்தான். நீங்க போன வருஷம் வந்து போனதுக்கு அப்புறம் யாரு தொறந்தா.

... தொட்டாச்சு. பொட்டியோட இரும்புல கைய வச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்... ஓ, நம்ம ஒடம்புல இருக்கிற கரண்டே அதக் கெடுத்துருமா? சரி, ஒவ்வொரு தடவையும் இரும்பத் தொட்டுட்டே கைய வைக்கிறேன்.

நீள கார்டு... ம், இருக்கு. அலுமினியத் தகடு மாட்டியிருக்கே, அதுதானே? ஒத்தத் திருகாணிய எடுத்தாச்சு. வர மாட்டேங்குதுண்ணே... ஆட்டாம, நேரா மேல... ரெண்டு முனையையும் புடிச்சு, கொஞ்சம் கொஞ்சமா... வந்திருச்சு. வந்திருச்சுண்ணே!

... கையில வைக்கல. பேப்பர் மேல வச்சிருக்கேன். தகட்டோட கிளிப்ப எடுத்தா... அடியில வெள்ளையா என்னமோ காஞ்சு, பொருக்குப் பொருக்கா உதிருது... இதுதானா கோளாறு? இது ஈரமா இருந்தாத்தான் சூடு தகட்டுக்கு ஏறுமா? அப்ப இவ்வளவு நாளும் அந்தச் சில்லு தனியா வெந்துக்கிட்டுக் கெடந்திருக்கு.

கத்தியால சொரண்டவா?... சரி சரி, தொடல. ஸ்பிரிட்டா? இருக்குண்ணே, இருக்கு. டிரெஸ்ஸர் போகும்போது தோட்டத்து ஆஸ்பத்திரி சாமானையெல்லாம் இங்கதான் போட்டுட்டுப் போனாரு. பஞ்சும் இருக்கு. நனைச்சு வச்சு, ஊறவிட்டு, அப்புறம் தொடைக்கணும். ம்... வருது. நல்லா வருது. பளபளன்னு ஆயிருச்சு.

அந்தப் பசை... நீங்க ஒரு பிலிம் டப்பாவுல போட்டுக் குடுத்தீங்களே, மேச இழுப்பறையில பத்திரமா வச்சிருக்கேன். பல்பசை மாதிரியே இருக்குலா... எவ்வளவு? பச்சப்பயறு அளவா? அது எந்த மூலைக்குப் பத்தும்?... ஓ, மெல்லிசா இருந்தாத்தான் வேல செய்யுமா. கொஞ்சம் அதிகமா வச்சிட்டேன், எடுத்துடுறேன். சில்லோட கால்ல எல்லாம் வழியக் கூடாது, சரி. விரல்ல படல, அட்டையால தடவிட்டேன். கிளிப்பு... மாட்டிக்கிச்சு.

... இன்னும் இருக்கா? மிஷினோட வேகத்த வைக்கிற அந்தச் சின்ன வெள்ளி டப்பாவா? ரெண்டு காலோட நிக்குது, மேல பதினாறுன்னு போட்டிருக்கு. பழசு, பன்னெண்டு போட்டது, மூடிக்குள்ள டேப் போட்டு ஒட்டியிருக்கு. இதோ இருக்கு... அத எதுக்குண்ணே மாத்தணும்? தமிழ் எழுத்து ஊர்ந்து ஊர்ந்து வருதுன்னு நாந்தான உங்கள வேகமா ஓட வைக்கச் சொன்னேன்? மறுபடி பழசப் போட்டா ஆம வேகத்துல ஓடும். எனக்கு நேரம் இல்ல.

... வேகத்தக் கூட்டினதால கார்டும் சேந்து ஓடி, அதான் திணறுதா... அப்ப புதுப் பசை போட்டும் தாங்காதா?... தாங்கலாம், தாங்காமயும் போகலாம். நடுவுல செத்தா ஒரேயடியா செத்துரும். ம்... ம். இல்லண்ணே, உங்க மேல குத்தம் சொல்லல. எனக்கு ஆசையா செஞ்சு குடுத்ததுதான. சரி, பழசையே போடுறேன். மெதுவாவே வரட்டும்.

... சுலபமா வந்திருச்சு. பன்னெண்டு உக்காந்திருச்சு. கார்டையும் அமுக்கி, திருகாணி போட்டாச்சு. இப்ப சுவிட்சு... ஏன்? ஓ, ஸ்பிரிட்டு காயணுமா. பத்து நிமிஷமா? சரி.

... வைக்கவா போன?... இருக்கீங்களா? கடையில ஆளு இல்லயா?... அப்ப இருங்களேன். இங்கயும் யாரும் இல்ல. காலையிலேர்ந்து வாயத் தொறந்து பேசினது உங்ககிட்டத்தான். நேத்தும் அப்படித்தான், பத்துமலை வந்து ஆரன் அடிச்சாரு, கைய காட்டிட்டுப் போயிட்டாரு.

... லயத்து வீடுங்கள்ல கடைசியா மாரியம்மா அக்கா குடும்பம் இருந்துச்சு. அவங்களும் போன மாசம் ஆயர் தாவாருக்குப் போயிட்டாங்க. எல்லா வீட்டுக் கதவும் தொறந்து கெடக்குண்ணே. காத்தடிச்சா வரிசையா அடிச்சுக்குது. மொதல்ல போயிப் போயிச் சாத்திட்டு வந்தேன். இப்ப போறதில்ல.

... நானா? அடுத்த வாரம் கோப்பெங்ல ஒரு பள்ளிக்கூடத்துல கிராணி வேல. ரூம் பாத்தாச்சு... நல்ல எடம்தான். ஆளுங்க இருக்கிற எடம்.

பத்து நிமிஷம் ஆச்சு. தொட்டுப் பாத்தேன், காஞ்சிருச்சு. மூடியப் போட்டுட்டேன். வயரக் குத்தியாச்சு. அண்ணே, போடுறேன்... போட்டுட்டேன்.

... காத்தாடி சுத்துது. ஒரு தடவ பீப்புன்னுச்சு... ஒரு தடவதான். நல்லதா? வெளிச்சம் வருது. இங்கிலீசு எழுத்து வந்திருச்சு. டிஸ்கெட்ட உள்ள தள்ளிட்டேன். இருங்க... இருங்க... வருது. "லி"... "ன்"... "டே"... ஐயோ, ஒவ்வொரு எழுத்தா வரையுது. ஆனா சுத்தமா வருதுண்ணே! ஒண்ணுகூடப் பிசகல. வந்திருச்சு!

... தேங்க்ஸ்ணே. நெசமா.

பிரிண்டர் போட்டுட்டேன். கேக்குதா சத்தம்?... ஆமா, ஒரு வரிக்கு இத்தன நேரமா? நூத்து நாப்பத்து மூணு பேரு. மூணே முக்காலுக்குள்ள முடிஞ்சிரும்.

... படிக்கவா? உங்களுக்கு யாரையும் தெரியாதேண்ணே... சரி, படிக்கிறேன். தப்பு இருந்தாலும் கண்ணுல படும். மொத வரிசை. பிச்சைமுத்து, செத்த வருஷம் அம்பத்திரெண்டு. தகவல் சொல்ல வேண்டியவர் மகள் ராக்காயி, சுங்கை சிப்புட். கருப்பம்மாள், அம்பத்தி மூணு, தகவல் சொல்ல வேண்டியவர் பேரன்... ஆமா, அந்தக் கட்டம் நாந்தான் போட்டேன். யாரு யாருக்குச் சொல்லணும்னு விசாரிச்சு விசாரிச்சு. சிலதுக்கு மூணு கடுதாசி போட்டிருக்கேன்.

... ம். பழனியப்பன், அம்பத்தெட்டு. மரத்துலேர்ந்து விழுந்தவரு... புஸ்தகத்துல அப்படித்தான் எழுதியிருந்துச்சு.

... ரெண்டாவது தாளு. தகடு சூடா இருக்கான்னு பாக்கவா? மூடி மேல கைய வச்சிருக்கேன்ணே, கதகதன்னு இருக்கு, அவ்வளவுதான்.

... நாலாவது வரிசை. பாப்பா, எழுபத்தொண்ணு. அடுத்தது வீராயி, எழுபத்தி... என்ன?... ஆமா, பாப்பாவுக்கு நேரா தகவல் கட்டத்துல ஒண்ணும் போடல. வீராயிக்கு இருக்கு, தம்பி...

... இல்லண்ணே. விட்டுப்போகல.

... பாப்பாங்கறது பேரு இல்லண்ணே. கொழந்த. பேரு வைக்கல. பொறந்து ஆறு நாளுதான். அப்ப இருந்த கிராணி புஸ்தகத்துல பாப்பான்னு எழுதிட்டாரு. அப்படியே நின்னுருச்சு.

... எனக்கு எப்படித் தெரியுமா?

... என்னோடதுண்ணே.

... ஹலோ?... ம். இருக்கேன். இல்ல, அழுகல. பிரிண்டர் சத்தம் அது.

... எங்க வீட்டுக்காரரு அடுத்த வருஷமே ஜொகூர் போனாரு. மொதல்ல கடுதாசி வந்துச்சு. அப்புறம் அங்கயே ஒரு குடும்பம் ஆயிருச்சுன்னு ஆளுங்க சொன்னாங்க. நான் போயிப் பாக்கல. ஆபீஸ்ல வேல குடுத்தாங்க, இருந்துட்டேன்... யார்கிட்ட சொல்ல? பதினேழு வருஷம் ஆச்சு. தெரிஞ்சவங்கல்லாம் போயிட்டாங்க. சாயங்காலம் ஆபீஸ் பூட்டிட்டு அந்தப் பக்கமா நடந்து வருவேன், அவ்வளவுதான்.

இத அடிக்கும்போதும் அந்தக் கட்டத்துல வந்து நின்னேன். நூத்து நாப்பத்திரெண்டு பேருக்குத் தேடித் தேடிப் போட்டேன். எனக்கு நானே என்னண்ணே தகவல் சொல்றது.

... ஞாயித்துக்கெழமையா? நானே பாத்துக்குவேன். மண்சட்டி வாங்கி வச்சாச்சு. வெள்ளத் துணி இருக்கு. எடுத்துட்டுப் போயி ஆத்துல விட்டுருவேன்... தோண்டுறதுக்கு ஆளு போட்டிருக்காங்க. எல்லாக் குடும்பமும் நாலு பேரு அஞ்சு பேரா வருவாங்க. நான் ஒரு ஓரமா...

... நீங்களா? கடைய விட்டுட்டா?... இல்லண்ணே, உங்களுக்கு எதுக்கு சுசா, வீண் சிரமம். வீட்டுல அண்ணி கேப்பாங்க... ஓ. அண்ணி தவறிட்டாங்களா? எனக்குத் தெரியாதுண்ணே. எப்ப?... மூணு வருஷமா. எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லயே. போன வருஷம் இங்க வந்தப்பகூட வீட்டுல அவங்க சமையல்னு... ம். ம். புரியுது. சொல்ல வராதுதான்.

... சரிண்ணே. வாங்க.

... மம்பட்டியெல்லாம் வேணாம். நீங்க எதையும் தொட வேணாம். ஆறு நாளு புள்ள, என்ன இருக்கும்... மண்ணுதான் இருக்கும். பக்கத்துல ஒரு ஆளு நின்னா போதும்.

... ஏழு மணி பஸ்ஸு புடிங்க. ஜங்ஷன்ல எறங்கிட்டு நடக்காதீங்க, அங்கயே இருங்க. நான் முன்னாடியே வந்து நிக்கிறேன்... ம். மூணாவது தாளு வந்திருச்சு. கிழிக்கணும்.

வச்சிடுறேண்ணே.