இரண்டு குருமூர்த்திகளும் ஒரு மென்பொருளும்

அவைக்கு அணிசெய்து தலைமை தாங்கும் நாகரத்தினம் ஐயா அவர்களே, கிடர்பூரிலிருந்தும் ஹவுராவிலிருந்தும் பேருந்தும் படகும் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே, பேரன்புத் தாய்மார்களே, பல்லோடு போராடிப் பிழைக்கும் என் மருத்துவத் தோழர்களே! வசுமதியின் பணிவான வணக்கம்.

பல் டாக்டர் மேடையேறினால் பல் துலக்கச் சொல்வாள் என்றுதானே சிரிக்கிறீர்கள்? இன்று நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. கொல்கத்தாவில், காளிகாட்டில் என் கிளினிக். நோயாளிகளின் விவரம் அத்தனையும் கணினியில். நரேன் என்றொரு விற்பனையாளர் வந்தார்.

"மேடம், உங்க சாஃப்ட்வேரோட எங்க புரோகிராமை இணைச்சுட்டா, பேஷண்டுக்கு அப்பாயின்ட்மென்ட் எஸ்.எம்.எஸ். தானாப் போயிடும். சிந்தா கொர்பேன் நா, கவலையே படாதீங்க!"

அது எதைப் படிக்கும் என்று கேட்டேனா? கேட்கவில்லை. எதைத் திருத்தும் என்று கேட்டேனா? கேட்கவில்லை. கதவைத் திறந்தேன், முகம் தெரியாத ஒன்றை உள்ளே விட்டேன்!

மூன்றாம் வாரம், ஒரு மழைக்காலை. குருமூர்த்தி என்ற வங்கி அதிகாரி கன்னம் வீங்கி, வலி தாங்காமல் நேரத்துக்கு முன்பே வந்து நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். கடைவாய்ப் பல்லில் சீழ். திரையைப் பார்க்கிறேன். அந்தப் பல்லைப் பிடுங்கி நான்கு வருடம் ஆகிறது என்கிறது திரை! வாய்க்குள் பார்க்கிறேன். பல் இருக்கிறது. என் விரல் அதைத் தொடுகிறது. ஏதோ பதிவுப் பிழை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். ஒவ்வாமை என்ற கட்டத்தில் 'எதுவுமில்லை'. அமாக்சிசிலின் எழுதப் பேனாவைத் திறந்தேன்.

கதவு தட்டப்பட்டது.

வாசலில் நனைந்த குடையோடு பாகீரதியம்மாள். துறைமுகத்தில் வேலை பார்த்து, என்னிடம் பல் பிடுங்கிக்கொண்டு, ஆறு மாதம் முன்பு காலமாகிவிட்ட இன்னொரு குருமூர்த்தியின் மனைவி. கைப்பேசியை நீட்டினார். 'குருமூர்த்தி, இன்று காலை பத்தரைக்கு டாக்டர் உங்களுக்காகக் காத்திருக்கிறார்' என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி.

"அவரோட போன் இது. அணைக்க மனசு வராம சார்ஜ் போட்டு வெச்சிருக்கேன். அவரைக் கூப்பிட்டிருக்கீங்களே டாக்டர்... யாராவது வரணுமேன்னு நான் வந்தேன்."

கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தரை.

நாற்காலியில் உயிரோடு ஒரு குருமூர்த்தி! வாசலில் இறந்த குருமூர்த்திக்கு வந்த அழைப்பு! திரையிலோ இருவரும் ஒருவர்! ஓடிப்போய்ப் பழைய காகித அட்டையை எடுத்தேன். வங்கி அதிகாரியின் அட்டையில், என் கையெழுத்தில், சிவப்பு மையில்: 'பென்சிலின் ஆகாது. மூச்சுத் திணறும்.' நான் எழுத இருந்தது அதே இனத்து மருந்து! பெயர் ஒன்றாக இருந்ததால் அந்தப் புரோகிராம் இரண்டு பதிவுகளையும் கலந்து, எச்சரிக்கையை அழித்திருந்தது.

"ஏன் டாக்டர் இப்படி வேர்க்குது உங்களுக்கு?" என்றார் வங்கி அதிகாரி. மறைக்காமல் சொன்னேன். மெல்ல எழுந்துபோய்ப் பாகீரதியம்மாள் முன்னால் நின்றார். கை கூப்பினார்.

நரேனைத் தொலைபேசியில் பிடித்தேன். "எல்லாத்தையும் மாத்த பர்மிஷன் நீங்கதானே மேடம் கொடுத்தீங்க?" என்றார். ஆம், நான்தான் கொடுத்தேன்!

அன்றே அதை அகற்றினேன். எண்ணூறு அட்டைகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். இன்னும் மூன்று பேரின் எச்சரிக்கை மாயமாகியிருந்தது. மறுவருடம் வேறொரு புரோகிராமைச் சேர்த்தபோது, பெயர், எண், நேரம் மட்டுமே படிக்கலாம், ஓர் எழுத்தையும் மாற்றக்கூடாது என்று எழுதி வாங்கினேன். உண்மையான பதிவைத் தொடவிடாமல், முதலில் அதன் நகலில் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தேன்.

தோழர்களே! எதைப் படிக்கும்? எதை மாற்றும்? போ என்றால் போகுமா? கேளுங்கள்! பதில் இல்லையா, கதவைச் சாத்துங்கள்!

அன்று கிளம்பும்போது பாகீரதியம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அவர் நம்பரை எடுத்துடுங்கம்மா. இன்னொரு தடவை அவரைக் கூப்பிட்டா என்னால தாங்க முடியாது."

அவர் பார்த்திருக்க, என் கையாலேயே அழித்தேன்.

செவிகொடுத்த உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. நலமோடு வீடு சேருங்கள். வணக்கம்!