மிளகளவுக் கண்

நான் தும்மியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது, ஐயா. மிளகளவு சென்சார், எனக்கு ஆறு மாத வேலை. தும்மலில் பறந்துவிட்டது. ஆய்வுக்கூடமே தரையில் தவழ்ந்து தேடியது. கடைசியில் என் தங்கையின் கணவர்தான் கண்டுபிடித்தார். என் மீசையில் ஒட்டியிருந்தது. "மச்சான், பெத்த புள்ள மாதிரி உங்கள விட மாட்டேங்குதே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அதன் வேலை எளிது. சுழலும் சக்கரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. சென்சார் ஒளி வீசும். கோடு கடக்கும்போதெல்லாம் ஒளி திரும்பி வரும். அதை எண்ணி வேகத்தைச் சொல்லும். ஒளி திரும்பாவிட்டால் சக்கரம் நின்றுவிட்டதாக அர்த்தம். உடனே சக்கரத்தை மறைக்கும் மூடியின் பூட்டு திறந்துகொள்ளும்.

சோதித்துப் பார்ப்பதும், பூட்டு திறந்ததும் சக்கரத்தைக் கையால் தொட்டுப் பார்ப்பதும் மாப்பிள்ளையின் வேலை. எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "ஒரு சொட்டு எண்ணெய் பட்டா இது குருடு மச்சான். சக்கரம் ஓடும்போதே பூட்டு தொறந்துடும். கைய விட்டவன் கதி அவ்வளவுதான்." அதையே அறிக்கையாகவும் எழுதினார். தலைமைப் பொறியாளர் என் சென்சாரை ஓரங்கட்டிவிட்டு, என்னைத் திருகாணி எண்ண அனுப்பினார்.

மாப்பிள்ளை மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர் மகளுக்குப் பெயர் வைத்ததே நான்தான். ஆனால் அறிக்கை எழுதுகிறவருக்குக் கொஞ்சம் அனுபவமும் வேண்டாமா?

ஒரு வாரம் கழித்து, "சரி பண்ணிட்டேன் மாப்பிள்ள, இனிமே சக்கரம் நின்னாத்தான் தொறக்கும்" என்றேன். நம்பினார். வீட்டு மனிதர் அல்லவா. அவர் காதடைப்பான் எடுக்கப் போன நேரத்தில், சென்சார் மேல் விரலால் லேசாக எண்ணெய் தடவினேன். அங்குள்ள விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் விட்டுவிட்டு எரிவதால், முழு வேகத்தில் ஓடும் சக்கரம் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். அதுவும் எனக்குத் தெரியும்.

சும்மா ஒரு பயம் காட்டத்தான். பூட்டு திறந்ததும் "வேண்டாம்" என்று கத்துவதாக இருந்தேன். கத்தினேன் என்றே நினைக்கிறேன்.

வலது கை, மணிக்கட்டுவரை. சென்சாரைக் குறை சொல்ல முடியாது. அவர் அறிக்கையில் எழுதியபடியே அட்சரம் பிசகாமல் நடந்துகொண்டது.

மூன்று வாரமாக ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பழம் நறுக்கி ஊட்டுகிறேன். நான் கத்தியதைப் பற்றி அவர் ஏதாவது சொன்னாரா என்று தங்கையிடம் கேட்டால், டம்ளர் கழுவப் போய்விடுகிறாள். நேற்று அவரிடமே கேட்டேன்: "காத அடைச்சிருந்தீங்களே மாப்பிள்ள, அதனாலதானே நான் கத்துனது கேக்கல?"

வாயிலிருந்த பழத்தை நிதானமாக மென்று விழுங்கினார்.

"கண்ணு தொறந்துதான் இருந்துச்சு மச்சான். கைய விடறதுக்கு முன்னாடி உங்களத்தான் பாத்தேன். நீங்க தலையாட்டுனீங்க."