லிங்கன்பெர்ரிப் புருவம்

— மெதுவா, ஹில்க்கா! சேவலுங்க காதுல விழுந்தா எல்லாம் சதுப்பைத் தாண்டிப் பறந்துரும். இப்ப என்ன சொன்னே? திரும்பச் சொல்லு.

— நடுவுல நிக்கிற அந்தக் கருங்காட்டுச்சேவலோட புருவம், சிவப்பு லிங்கன்பெர்ரிப் பழத்தைப் பாதியா நறுக்கி ஒட்டினாப்ல இருக்குன்னேன். அதுக்கு ஏன் முறைக்கிறே, ஆர்வோ?

— முன்னாடி அது கத்தினப்ப, மூடி போட்ட கஞ்சிப்பானை கொதிக்கிறாப்லன்னே. வால் பனிச்சறுக்குக்கட்டை நுனி மாதிரி வளைஞ்சிருக்குன்னே. பாரு, இதெல்லாம் சேவலாட்டம் பாக்க ஒளிஞ்சிருக்கற இந்தக் குடிலுக்குள்ள பேசற பேச்சு. எனக்கும் என் கூட்டாளி ரெய்னோவுக்கும் மட்டும் தெரிஞ்சது. குடில் பேச்சு வெளிய போகக் கூடாதுங்கறது எங்க வழக்கம். நீ இங்க வர்றதே இன்னைக்குத்தான் முதல் தடவை.

— இல்லையே.

— என்ன இல்லையே?

— போன ஏப்ரல்ல வந்தேன். நீ இடுப்பு ஆபரேஷனுக்குப் படுத்திருந்தப்ப. ரெய்னோகூட.

— ரெய்னோகூடவா! இந்தப் பலகையிலயா! சேவலுங்க கலையற வரைக்கும் காலை வெளிய வைக்க முடியாதே. அதுவரைக்கும் முட்டியோட முட்டி இடிச்சுக்கிட்டு...

— காப்பியும் குடிச்சோம், என் ராசா. குரலைத் தாழ்த்து. பொம்பளைக்கு வாய் நிக்காது, குடிலுக்கு வேண்டாம்னு இத்தனை வருஷம் சொன்னது யாரு?

— எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு ஹில்க்கா. சவுனா நீராவி அறையில நானும் அவனும் ஒரே பலகையில உக்காந்து வேர்த்தவங்க. இனி அவன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? நேராச் சொல்லிடு. அவனைப் பிடிச்சிருக்கா?

— அங்க பாரு, பெட்டை வந்துருச்சு. அந்த ரெண்டு சேவலும் திரும்பிக்கூடப் பாக்கல. ஒண்ணைப் பாத்து ஒண்ணு சீறிக்கிட்டே கிடக்குதுங்க.

— பெட்டை கிடக்குது, விடு! கேட்டதுக்குப் பதில் சொல்லு!

— போச்சு. அத்தனையும் பறந்துருச்சு. வாய் நிக்காதது யாருக்குன்னு இப்பத் தெரியுதா?

— பிடிச்சிருக்கா, இல்லையா?

— அட கூறுகெட்டவனே! அவன்கிட்ட நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். ஆர்வோ இங்க வந்து என்ன பேசுவான்னு கேட்டேன். வீட்டுல காப்பி ஆறிப்போச்சு, உப்பு பத்தலைங்கறதைத் தவிர உன் வாயில வேற எதுவும் வராதே. குடில் பேச்சு, சொல்லக் கூடாதுன்னான். கெஞ்சினேன். ஒவ்வொண்ணாச் சொன்னான். புருவம், கஞ்சிப்பானை, எல்லாம் உன் வார்த்தை. எனக்கு அவன் மேல அப்படி ஒரு பொறாமை வந்துச்சு.

— ரெய்னோ மேலயா? பொறாமையா?

— ஆமா. கடைசியா ஒண்ணு சொன்னான் பாரு, அதுலதான் அழுதுட்டேன். சுத்தி அத்தனை சேவல் குதிக்குது, அந்தப் பழுப்புப் பெட்டை எதையும் கண்டுக்காம நடக்குது, அப்படியே என் ஹில்க்காதான்னு சொன்னியாமே.

— அது... சும்மா, ஒரு பேச்சுக்கு...

— அதை எனக்கு ரெய்னோவா வந்து சொல்லணும், ஆர்வோ?