சுண்டெலிக்கு அஞ்சாத பறவை

அவைக்கு அணிசெய்யும் தலைவர் மரீட்டா அம்மையார் அவர்களே! அலையோடு மல்லாடி ஸ்னூக் மீனோடு கரையேறிய பெரியோர்களே! வலை காயும் வாசலில் பிள்ளை வளர்த்த தாய்மார்களே! நாளை தென்கடல் கோடியிலுள்ள மரியன் தீவுக்குக் கப்பலேறும் தோழர்களே! ஹவுட் பே துறைமுகத்துக் காற்றை மீறி என் குரல் கேட்கிறதா? மகிழ்ச்சி.

வான்கோழி அளவு குஞ்சு; கட்டைவிரல் அளவு சுண்டெலி. எது எதைத் தின்னும்? சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தவன்தான், அந்தக் காலைவரை.

சென்ற குளிர்காலத்தில் நானும் ஸோலேகாவும் அத்தீவில் கூடுகளைப் பார்த்துவரும் வேலையில் இருந்தோம். காரணம் கேட்காமல் எதையும் விடாதவள் ஸோலேகா. பனித்தூறலில், ஆல்பட்ராஸ் என்னும் பெரிய கடற்பறவையின் குஞ்சொன்றைக் கண்டோம். உச்சந்தலையில் இரத்தம். அதில் அமர்ந்து கொறித்துக்கொண்டிருந்தது ஒரு சுண்டெலி! குஞ்சு கொத்தவில்லை, கத்தவில்லை, நகரவுமில்லை.

“ஏன் லுங்கா, இது எந்திரிக்கவே மாட்டேங்குது?” என்றாள்.

எலியைத் தட்டிவிட்டாள், இன்னொன்று வந்தது. எல்லாக் கூட்டுக்கும் காவலிருக்க முடியாது, திரும்பி வாருங்கள் என்றார் வானொலியில் எங்கள் குழுத் தலைவர் அட்ரியான்.

“எல்லாத்துக்கும் வேணாம். இந்த ஒண்ணுக்கு இருக்கேன்.”

உட்கார்ந்துவிட்டாள். பொழுது சாயுமுன் கடலிலிருந்து தாய்ப்பறவை இறங்கியது, இரை ஊட்டியது. மறுபடி ஒரு சுண்டெலி குஞ்சின்மேல் ஏறியது. இனித் தாய் எலியைக் கிழித்துவிடும் என்று காத்திருந்தோம். தாயோ அலகைத் தாழ்த்தி, இப்படியும் அப்படியும் எலியைப் பார்த்தது. பிறகு நிமிர்ந்து கடலைப் பார்த்தது!

“அதுக்கு இது யாருன்னே தெரியல, லுங்கா.”

எப்படித் தெரியும்? நாலுகால் பகையே மிதிக்காத மண்ணில், அச்சத்தை யார் கற்றுக்கொடுத்திருப்பார்? எலியைக் கொண்டுவந்தது புயலா? பேயா? கடல்நாய் வேட்டைக்குப் போன மனிதனின் கப்பலல்லவா?

முன்வரிசைத் தாய் ஏதோ கேட்கிறார். பூனையைக் கொண்டுபோய் விடலாமே என்கிறாரா? நமக்கு முன் போனவர்கள் விட்டார்கள், தாயே! பூனைக்கும் பறவைதான் ருசித்தது. அந்தப் பூனைகளை ஒழிப்பதற்குள் ஆண்டுகள் பல ஓடிப்போயின.

அந்த வாரமே குஞ்சு இறந்தது. ஸோலேகா அழுதாள். அழுது முடித்து, எலியே இல்லாத தீவாக்க என்ன செய்ய வேண்டும் என்று அட்ரியானிடம் கேட்டாள். தீவு முழுதும் நஞ்சிரை தூவவேண்டும் என்றார். அதற்கான முன்வேலைக்குத்தான் நாளை அவள் மீண்டும் புறப்படுகிறாள்.

நஞ்சு மற்றப் பறவைகளைக் கொல்லாதா என்கிறார் பின்வரிசை ஐயா. சில சாகும், ஐயா, மறைக்கமாட்டேன். ஸோலேகாவும் அதைச் சொல்லிச் சொல்லி உறங்காதவள். ஆனால் சும்மா இருந்தால்? இருக்கும் குஞ்சும் போகும், இட்ட முட்டையும் போகும், வானளக்கும் அந்த இனமே போகும்!

அஞ்சத் தெரியாத உயிருக்காக அஞ்சவேண்டியவர் யார்? பகையை ஏற்றிச் சென்ற மனிதர், அதை ஒழிக்கும்வரை ஓயலாமா? ஓயலாமா?

ஓயமாட்டோம் என்று எழுந்து நிற்கும் உங்கள் அனைவருக்கும், கப்பலேறும் கால்களுக்கும், வழியனுப்பும் கண்களுக்கும் என் நன்றி. கடல் உங்களிடம் கனிவாயிருக்கட்டும். வணக்கம்!