நானூற்று ஐம்பது வொட்

2008 நவம்பர் 16, ஞாயிறு.

ஒக்டோபர் மூன்றாம் திகதிக் குறிப்பில் ஒரு பிழை. ஒரு கிராபிக்ஸ் கார்டுக்கு 120 வொட் என்று எழுதியிருக்கிறேன். 110 என்பதே சரி. ஆகவே இரண்டு கார்டு போட்ட ரவூப் நானாவின் கம்ப்யூட்டர் முழு வேகத்தில் இழுக்கக்கூடிய மின்சாரம் 490 அல்ல, 470. அதிலுள்ள பவர் சப்ளை தாங்குவது 450. திருத்திய பிறகும் நான் சொன்னது மாறவில்லை. இருந்தும் மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன்.

ரவூப் நானா மாத்தளை டவுனில் கல்யாண வீடியோ எடுப்பவர். படத்தை வேகமாக வெட்டி ஒட்ட, இரண்டு கார்டு போட்ட மெஷின் கேட்டார். என்னோடு மாலைக் கம்ப்யூட்டர் வகுப்பில் படிக்கும் ஜவாஹிர் பொருத்திக் கொடுத்தான். பவர் சப்ளை போதாது என்று, கணக்கு எழுதிய கொப்பியைக் காட்டினேன்.

"மெஷின் ஒங்கட கொப்பிய வாசிக்கல்ல மீனா. வாசிச்சா பயத்துலயே நின்டுரும்," என்றான் ஜவாஹிர்.

"சும்மா இரிங்க. கணக்கு டீச்சர கோவிக்க வெக்காதீங்க," என்று நானா சிரித்தார். அதன்பின் வகுப்பிலும் எனக்கு அதுவே பெயர்.

மெஷின் நாற்பது நாள் ஓடியது. ஒவ்வொரு நாளும் 'இன்றும் ஓடுகிறது' என்று எழுதினேன். இரண்டு கார்டும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இயங்குவது அரிது என்பது எனக்குத் தெரியும். ஹஜ் பெருநாள் முடிந்து கல்யாணங்கள் தொடங்கும்போது மூன்றாவது கார்டும் போடுவதாக நானா சொல்லியிருந்தார். அன்றைக்கு நிச்சயம் தாங்காது. அந்த நாளை நான் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டுவந்தேன், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை, தூசு தட்டித் தருவதாகச் சொல்லிப் பவர் சப்ளையைத் திறந்தேன். உள்ளேயிருக்கும் விசிறியின் வயரைக் கழற்றினேன். அளவு மீறினால் தானாக நின்றுவிடுவதற்கென்று ஒரு பாகம் இருக்கிறது. சும்மா நின்றால் ஜவாஹிர் வேறு காரணம் சொல்வான். அதனால் அதையும் வேலை செய்யாமல் ஆக்கினேன். பிறகு மூடி, துணியால் துடைத்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகும்போது நானா கடையின் ஷட்டரை இறக்கி, வெளியே பூட்டி, சாவியை எடுத்துப் போவார். அவர் தங்கை கைறுன்னிஸா உள்ளே வேலை செய்வாள். தனியாக இருக்கும் பெண்பிள்ளைக்கு அதுதான் பாதுகாப்பு என்பது அவர் எண்ணம். பின்பக்கம் வழி இல்லை. வழக்கமாக நானும் சோற்றுப் பார்சலோடு அவளுக்குத் துணையிருப்பேன். தன் முட்டையில் பாதியை எனக்கு வைப்பாள்.

இந்த வெள்ளி பதினொன்றரைக்குப் போனேன்.

"கருகின மாதிரி மணக்குது மீனா. நானாக்கிட்ட செல்லவா?"

"தூசிதான் கருகுது. ரெண்டு கார்டையும் முழுசா ஓட விடுங்க, சரியாயிரும்."

"நீங்க இரிக்கல்லையா?"

"இன்னைக்கு ஒரு வேலை இருக்குங்க."

அந்த வேலை, எதிரே பஸ் நிறுத்தத்தில் நிற்பது. 12.41: ஷட்டர் இடுக்கில் புகை. 12.43: உள்ளிருந்து தட்டும் சத்தம். அந்தப் பக்கக் கடைகள் எல்லாம் தொழுகைக்காகப் பூட்டியிருந்தன. பள்ளிவாசல் நான்கு நிமிட நடை. 12.50: சத்தம் நின்றது. எல்லாம் குறித்திருக்கிறேன்.

கைறுன்னிஸா பிழைக்கவில்லை. ஜவாஹிரை விசாரணைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். நேற்று நானாவின் வீட்டுக்குப் போனேன்.

"பவர் சப்ளை போதாதுன்டு நீங்க செல்லித்தானே இருந்தீங்க மீனா. நான்தான் கேக்கல்ல," என்றார்.

எனக்கு அழுகை வந்தது. என் கணக்கை ஒருவர் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

ஆனாலும் சந்தேகம் போகவில்லை. விசிறி ஓடியிருந்தால் தாங்கியிருக்குமோ? ஒரே ஒரு மெஷினை வைத்து முடிவு சொல்வது முறையல்ல. இதே பவர் சப்ளை, இதே இரண்டு கார்டோடு கலேவெலவில் அப்துல் ஸமத்தின் ஸ்டூடியோவுக்கும் ஜவாஹிர் ஒன்று செய்து கொடுத்திருக்கிறான். அங்கே வேலை செய்வது அவருடைய இரண்டு மகள்மார். நடந்ததைக் கேட்டுப் பயந்துபோய், தன் மெஷினையும் வந்து பார்க்கும்படி என்னிடம் சொல்லியிருக்கிறார்.

நாளை: காலை ஆறரை பஸ்ஸில் கலேவெல. ஸ்க்ரூ டிரைவர் எடுக்க வேண்டும். சோதனைச் சாவடியில் கேட்டால் வகுப்பு அட்டையைக் காட்டலாம். இந்தத் தடவை விசிறியைத் தொடக்கூடாது. மற்றப் பாகம் மட்டும்.