வாங்கின விலைக்கே

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் பின்கால் ஆடுகிறது, ஐயா. ஒரு நட்டை இறுக்கினால் போதும். என் பையில் ஸ்பானர் இருக்கிறது, வாசலில் நிற்கும் காவலர் பையை வாங்கி வைத்துக்கொண்டார். போகும்போது தருவார் என்று நினைக்கிறேன். அப்போது சரிசெய்து கொடுத்துவிடுகிறேன்.

நான் வந்தது ஒரு புகார் கொடுக்க. எங்கள் பழைய சைக்கிள் குழுவில், செல்போனில், என்னைப் பற்றி ஒருவர் அவதூறாக எழுதியிருக்கிறார். செத்துப்போன மனிதரிடம் அநியாய லாபம் பார்த்தவனாம் நான். எழுதியவர் அச்சகம் வைத்திருக்கிறார். அதற்குக் கீழே ஊர்ப்பட்ட கட்டைவிரல்கள். அப்புறம் என்னைக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்கள், பதில் சொல்லக்கூட வழியில்லை. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள், நான் மெதுவாகவே சொல்கிறேன்.

பழைய சைக்கிளின்மேல் பித்துப் பிடித்தவர்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்து ஓரமாகத் தார்ப்பாய் விரிப்பார்கள். அதில் பெடல், பிரேக், டைனமோ, சீட்டு என்று பரப்பி வைப்பார்கள். ஒரு பழைய மணியைக் காதோரம் வைத்து அடித்துப் பார்த்துக் கண் கலங்குவார்கள். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ‘அம்மாகிட்ட சொல்லு’ என்கிற ஆட்கள்தான் எல்லாரும். இவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. உறுப்பினர் உறுப்பினரிடம் லாபம் பார்க்கக் கூடாது. வாங்கின விலைக்கே கொடுக்க வேண்டும். விற்றேன் என்று சொல்லக்கூடக் கூடாது, ‘கைமாத்திவிட்டேன்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாங்கின விலை எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. இதே அச்சகக்காரர், புருஷனைப் பறிகொடுத்த ஒரு அம்மாவிடம் போய், ‘துருப்பிடிச்சுப் போச்சும்மா, இடத்தைத்தான் அடைக்குது’ என்று ஆறுதல் சொல்லி, ஒரு முழு சைக்கிளை இரும்பு விலைக்குத் தூக்கி வந்தார். தார்ப்பாயில் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அது திறமையாம். அதே சைக்கிளை நான் வாங்கி, துரு எடுத்து, பேரிங்குக்கு கிரீஸ் வைத்து, நாலு காசு சேர்த்துக் கொடுத்தால் அது கொள்ளையாம். துக்க வீட்டில் அடிக்கலாம், தார்ப்பாயில் அடிக்கக் கூடாது. நான் அப்படிப் பாகுபாடு பார்க்கிறவன் இல்லை. எல்லாரையும் ஒரே கண்ணால்தான் பார்க்கிறேன்.

இந்தச் சட்டத்தைப் போட்டவர் பல் டாக்டர். என் கூடப்பிறந்த அக்காவின் புருஷன். மாமா என்று கூப்பிடுவேன். நல்ல மனிதர், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஒரு பல்லைப் பிடுங்குவதற்கு அவர் என்ன வாங்கினார், அதில் லாபம் எவ்வளவு என்று தார்ப்பாயில் யாரும் கேட்டதில்லை. அங்கே நோயாளி வாயைத் திறந்தபடி கிடப்பதால் பேரம் பேச முடியாது. சைக்கிள் வாங்குகிறவனுக்குப் பேச வாய் காலியாக இருக்கிறது, அதுதான் வித்தியாசம்.

மாமா வீட்டு மாடியில் இரண்டு அறை நிறைய சைக்கிள். சுவரில் கொக்கி அடித்துத் தொங்கவிட்டிருப்பார். சக்கரங்களுக்குப் பழைய போர்வையில் உறை. ‘என் கல்யாணப் புடவைக்கு இந்த வீட்டுல ஒரு உறை கெடையாது’ என்று அக்கா சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் போகும்போதெல்லாம் மாடிக்குப் போய் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவேன். எதை யாரிடம் கொடுக்கலாம், எதைக் கழற்றித் தனித்தனியாகக் கொடுத்தால் கட்டுப்படியாகும் என்று பார்ப்பேன். இப்படிப் பல வருஷமாக அந்த இரண்டு அறையையும் மனதுக்குள் நான் விற்று முடித்திருந்தேன்.

ஒரு நாள் அவர் வீட்டில் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாமா திடீரென்று சொன்னார்.

“கிளினிக்கை மூடப்போறேன். மேல இருக்கற சைக்கிளையெல்லாம் குழுவுக்கே குடுத்துடலாம்னு இருக்கேன். யாருக்கு எது வேணுமோ எடுத்துக்கட்டும்.”

“சும்மாவா?” என்றாள் அக்கா. “என் தம்பி இதை வெச்சுத்தானே பொழைக்கிறான். இவனுக்கும் ஏதாவது குடுங்களேன்.”

மாமா சிரித்தார். “இவன்கிட்டயா? நாளைக்கே கூறு போட்டுடுவான். பெடல் ஒரு ஊருக்குப் போகும், செயின் ஒரு ஊருக்குப் போகும். வேணாம்மா, என் வண்டியெல்லாம் பாவம்.”

அவமானமாக இருந்தது, ஐயா. அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். பொய் இல்லையே, என்ன செய்வது? கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாமாவுக்கு ஒரே ஒரு குறை இருந்தது. அவரிடம் ஒரு பச்சைப் பந்தய சைக்கிள் உண்டு. எல்லாம் அதற்கே உரிய பாகங்கள், முன் ஃபோர்க் மட்டும் வேறு சைக்கிளினுடையது. ஃபோர்க் என்றால் முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்திருக்கிறதே, அதுதான். சரியான ஃபோர்க் கிடைக்கும்வரை அதை ஓட்ட மாட்டேன் என்று வைராக்கியமாக இருந்தார். அதைத் தேடி அவர் ஏறி இறங்காத பழைய இரும்புக் கடை இல்லை. பிள்ளைக்கு வரன் பார்ப்பவர்கள்கூட அவ்வளவு அலைந்திருக்க மாட்டார்கள்.

அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நாளில் அது என் கண்ணில் பட்டது. ஊருக்கு வெளியே ஒரு கடையில், உடைந்த தையல் மிஷினுக்கு அடியில் கிடந்தது. கடைக்காரர் நேர்மையான ஆள். எடை போடும்போதே சொல்லிவிட்டார்.

“சார், கழுத்துல விரிசல் இருக்கு பாருங்க. ஓட்டுற வண்டிக்கு ஆகாது. சுவத்துல மாட்டி அழகு பாக்கலாம், அவ்வளவுதான்.”

நன்றி சொல்லிப் பணம் கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

மாமாவுக்குக் கொடுக்கிற பொருளை அழுக்கும் துருவுமாகக் கொடுக்க மனம் வரவில்லை. இரண்டு காலும் சேரும் கழுத்தில் விரிசல் மயிரிழையாக ஓடியது. அதில் பட்டி அடைத்துத் தேய்த்தேன். மேலே அதே பச்சையைப் பூசினேன். புதுப் பெயின்ட் பளபளக்கும், அது ஆகாது. மண்ணெண்ணெய்த் துணியால் மங்க வைத்தேன். நாணயத்தின் விளிம்பால் அங்கங்கே கீறி, கீறலுக்குள் துருப்பொடியைத் தேய்த்தேன். பழைய ஆயிலைப் பூசித் துடைத்து, வெயிலில் வைத்து எடுத்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, இந்த வேலையை என்னைவிட நன்றாகச் செய்கிறவர் இந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. முடித்துவிட்டுப் பார்த்தபோது எங்கே விரிசல் என்று நானே தேட வேண்டியிருந்தது.

இந்தக் கூட்டத்துக்கு ஒரிஜினல் பெயின்ட் என்றால் சாமி மாதிரி. கம்பெனியில் பூசிய பெயின்ட் ஒட்டிக்கொண்டிருந்தால் சுரண்ட மாட்டார்கள், உரசிப் பார்க்க மாட்டார்கள், நகம்கூடப் படாமல் துணியால் தூக்குவார்கள். பெயின்ட்டை எடுத்துப் பார்க்காமல் பழைய இரும்பை நம்பக் கூடாது என்று அவர்களுக்கும் தெரியும். தெரிந்தாலும் செய்ய மாட்டார்கள். இந்தப் பழக்கத்தை நான் உண்டாக்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் இருக்கும்போது ஃபோர்க்கைத் தார்ப்பாயில் வைத்தேன். எல்லாரும் சுற்றிக் கூடிவிட்டார்கள். மாமா முழங்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். விரல் நுனியால் தடவினார்.

“எவ்வளவுடா?”

“வாங்கின விலைதான் மாமா.”

விலையைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. மாமா எழுந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “திருந்திட்டடா நீ” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது, ஏன் மறைக்க வேண்டும்?

அப்போது அச்சகக்காரர் குறுக்கே வந்தார். “டாக்டர், ஓட்டப்போறீங்கன்னா கழுத்துல மட்டும் லேசா சுரண்டிப் பாத்துடலாமே. எத்தனை காலத்து இரும்போ.”

“ஒரிஜினல் பெயின்ட்டுய்யா இது. வேணும்னா உன் பல்லைச் சுரண்டுறேன், வா.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வாயில் கண்ணாடியை விட்டுப் பல்லில் விரிசல் தேடிய மனிதர், ஐயா. என் பையில் அன்று உப்புத்தாள் இருந்தது. கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன். யாரும் கேட்கவில்லை.

புறப்படும்போது மாமா ஒரு தடவை என் பக்கம் திரும்பினார். “ஓட்டலாம்ல?”

“உங்க வண்டி மாமா. உங்க இஷ்டம்.”

இதில் எங்கே பொய் இருக்கிறது என்று நீங்களே காட்டுங்கள்.

அடுத்த வாரம் அந்த சைக்கிளிலேயே வந்தார். மாப்பிள்ளை மாதிரி இருந்தார். தலையில் அந்தக் காலத்துப் பந்தயக்காரர்கள் போட்ட தோல் தொப்பி. ஹெல்மெட் போட்டால் வண்டியின் லட்சணம் கெட்டுவிடுமாம். குழு வழக்கமாகப் பாலத்தில் ஏறி, மறுபக்கச் சரிவில் பிரேக்கைத் தொடாமல் இறங்கும். மாமாதான் எப்போதும் முதலில். நான் அன்று கடைசியாகப் போனேன். மேலே நின்றால் சரிவு முழுவதும் தெரியும். சரிவு முடியும் இடத்தில் சாலையில் ஒரு பள்ளம் இருக்கிறது, இன்னும் மூடாமல் கிடக்கிறது. என் புகாரோடு அதையும் சேர்த்து எழுதிக்கொண்டால் நாலு பேருக்கு உபயோகமாக இருக்கும்.

ஃபோர்க் கழுத்தில் ஒடிந்தது. சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மாமா போய்விட்டார்.

அக்காவிடம் நான்தான் சொன்னேன். இந்த மாதிரி விஷயத்தை வெளியாள் போய்ச் சொல்வது முறையில்லை. “பேசுறாராடா? என்னைக் கேட்டாராடா?” என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அது நடிப்பு என்று அச்சகக்காரர் எழுதியிருக்கிறார். அபாண்டம். எனக்கு மாமாவை மிகவும் பிடிக்கும்.

காரியமெல்லாம் முடிந்தபின் அக்காவே சொன்னாள். “மாடியில இருக்கறதை இனிமே என் கண்ணுல காட்டாதடா. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடு.”

“வேணாம்க்கா, மாமா குழுவுக்குக் குடுக்கணும்னு ஆசைப்பட்டாரு” என்றேன். அதைச் சொல்ல வேண்டியது என் கடமை. அவள் மறுபடி சொன்னாள். மறுபடியும் வேண்டாம் என்றேன். மூன்றாவது தடவை அவள் சொல்லும்போது வேன் வாசலுக்கு வந்துவிட்டது. வெளியூரில் இருக்கும் அக்கா மகள் போனில் ஒன்றே ஒன்று கேட்டாள். “மாமா, சின்ன வயசுல அப்பா எனக்குப் பண்ணிக் குடுத்த குட்டி சைக்கிளை மட்டும் எடுத்து வெச்சிடுங்க.” எடுத்து வைக்கத்தான் நினைத்தேன். மொத்தமாக வாங்க வந்தவர் அதையும் சேர்த்தால்தான் ஆச்சு என்று பிடிவாதம் பிடித்தார். ஒரு குட்டி சைக்கிளுக்காகப் பேச்சை முறிக்க முடியுமா? அவளுக்கு வேறு ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாம்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள், ஐயா?

விரிசல் தெரிந்துதான் கொடுத்தாயா என்று கேட்கிறீர்கள். தெரிந்துதான் கொடுத்தேன். இவ்வளவு நேரம் அதைத்தானே சொன்னேன். ஓட்டினால் ஒடியும் என்று தெரியுமா என்றால், தெரியும். அந்தச் சரிவில் ஒடியட்டும் என்று நினைத்தாயா என்றால், நினைத்தேன். மெதுவாகப் போகும் இடத்தில் ஒடிந்திருந்தால் கை கால் முறிந்து, வருஷக்கணக்கில் படுத்திருப்பார். அக்காதான் கஷ்டப்படுவாள். அவளுக்கு யார் இருக்கிறார்கள், என்னைத் தவிர?

நான் எதையும் மறைக்க இங்கே வரவில்லை. ஆனால் லாபம் பார்த்தேன் என்று நாலு பேர் முன்னால் எழுதிவிட்டார்களே, அதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? அந்தப் பழைய இரும்புக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். விரிசலைக் காட்டியது, எடை போட்டது, நான் கொடுத்த பணம், எல்லாவற்றையும் சொல்வார். அதே பணத்தைத்தான் மாமாவிடம் வாங்கினேன். பட்டிக்கும் பெயின்ட்டுக்கும் ஆன செலவைக்கூடக் கேட்கவில்லை. வெளியாட்களிடம் லாபம் பார்த்திருக்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கூடப்பிறந்த அக்காவின் புருஷனிடம் லாபம் பார்க்கிற அளவுக்குக் கேவலமானவன் இல்லை நான்.