சென்சரில் படிந்த சுண்ணாம்பு

காங்கேசன்துறை பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். யன்னலோரத்தில் தலை நரைத்தவர், பக்கத்தில் அவரைவிட இளையவர். இணுவில் தாண்டியதும் நரைத்தவர் சொன்னதைக் கேட்டு, கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

"கோப்பை கழுவுற மிசின் பழுதாக் கிடக்கிறதுதான் தம்பி எனக்கு நல்லது."

"அதிலை என்ன பிழை, அண்ணை?"

"சென்சர். தண்ணி நிரம்பினாலும் நிரம்பேல்லை எண்டு சிவப்பு லைற்றைப் போட்டிட்டு நிண்டிடும்."

"எங்கடை கிணத்துத் தண்ணியெல்லே, சுண்ணாம்பு படிஞ்சிருக்கும். தேசிக்காய்ப் புளி விட்டுத் துடைச்சுப் பாத்தனீங்களே?"

"துடைச்சனான். நல்லா வேலை செய்தது."

"பிறகென்ன?"

"கனடாவிலை இருந்து வந்து நிண்டபோது மகன் பூட்டின மிசின். பிழைச்சால் அவன்ரை போனுக்கும் மெசேச் போகும். உடனை வீடியோவிலை வந்திடுவான். 'அப்பா, அதைக் கழட்டுங்கோ, இதைத் துடையுங்கோ' எண்டு ஒரு மணித்தியாலம் கதைப்பான். திருந்தின பிறகு ஆளைக் காணேல்லை."

இளையவர் சிரித்தார். "இப்ப திரும்பவும் சுண்ணாம்பு படிஞ்சிட்டுதாக்கும்?"

நரைத்தவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒராள் சாப்பிடுற கோப்பைக்குச் சுண்ணாம்பு படியக் கனகாலம் எடுக்கும், தம்பி. நான் சென்சர் வயரைக் கழட்டி விட்டிருக்கிறன். அவனும் பாவம், ஒவ்வொரு நாளும் வந்து பிழையைத் தேடுறான். அந்தப் பக்கம் மட்டும் நான் போனைத் திருப்புறேல்லை."